ஒரு மஞ்சட் கோட்டின் வரலாறு: இரசாயனப் பகுப்பிற் கருவியின் சாட்சியம்

ஒரு பொருள் எவற்றால் ஆனது என்பதை அறிவதற்கு மனிதன் நெடுங்காலம் தன் புலன்களையே நம்பியிருந்தான். பொற்கொல்லன் உரைகல்லிற் பதிந்த கோட்டைப் பார்த்துப் பொன்னின் மாற்றை உரைத்தான். மருத்துவன் நாவிலிட்டு உப்பின் தன்மையை உணர்ந்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தராசு இரசாயன ஆய்கூடத்தின் நடுவிடத்தைப் பெற்றுக்கொண்ட பின்னரும், வீழ்படிவின் நிறத்தைக் கண்டு முடிவு சொல்வோன் ஆய்வாளனாகவே இருந்தான். இன்று நிலைமை வேறு. மாதிரியைக் கருவியினுள் இட்டால் எண்ணொன்று வெளிவருகின்றது. அவ்வெண்ணை எவ்வளவுக்கு நம்பலாம், எதனைக் கொண்டு நம்பலாம் என்னும் வினா விஞ்ஞான பீடத்தாருக்கு மட்டும் உரியதன்று. சான்றை எடைபோடுதல் வரலாற்று மாணவனின் தொழில். சாசனமொன்றை வாசித்த மாத்திரத்தே அது கூறுவதையெல்லாம் நாம் உண்மையென ஏற்பதில்லை. அதன் எழுத்தமைதியை நோக்குகின்றோம், பிற சான்றுகளுடன் ஒப்பிடுகின்றோம், பொறித்தவன் யாவன் என வினவுகின்றோம். கருவி தரும் சான்றும் இத்தகைய குறுக்கு விசாரணைக்கு உட்பட்டே நிலைபெற்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிவழிப் பகுப்பு முறைகள் பலவாயினும் ஈண்டு நிறமாலைப் பகுப்பு ஒன்றையே, அதனுள்ளும் ஒரேயொரு மஞ்சட் கோட்டையே எடுத்துக்கொள்வோம்.

சூரிய ஒளியை அரியத்தினூடு செலுத்தினால் தோன்றும் நிறமாலையின் குறுக்கே கருங்கோடுகள் பல உள்ளன. பவேரியாவைச் சேர்ந்த கண்ணாடித் தொழில் வல்லுநரான பிரவுன்கோபர் 1814 ஆம் ஆண்டளவில் அவற்றுள் ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றைக் குறித்து, முதன்மையானவற்றுக்கு எழுத்துகளாற் பெயரிட்டார். மஞ்சட் பகுதியிலிருந்த கரிய இரட்டைக் கோடு 'டி' எனப்பட்டது. அக்கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்பதை அவர் அறிந்திலர். கண்ணாடியின் ஒளிமுறிவை அளப்பதற்கு அவை வசதியான அடையாளங்களாயின. அவருக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

காரணத்தைக் கண்டோர் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பன்சனும் கிர்க்கோவும் ஆவர். பன்சன் இரசாயனவியலாளர், வெடிவிபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். கிர்க்கோவ் பௌதிகவியலாளர். 1855 இல் உருவாகிய பன்சன் சுடரடுப்பைப் பள்ளி மாணவரும் அறிவர். அதன் பெருமை வெப்பத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதன் சுவாலைக்குத் தனக்கெனக் குறிப்பிடத்தக்க நிறமில்லை. எனவே சுவாலையில் இட்ட பொருளின் நிறம் கலப்பின்றித் தோன்றியது. 1859 இல் இருவரும் சேர்ந்து அமைத்த நிறமாலைகாட்டி மிக எளியது: உட்புறம் கருமை பூசிய ஒரு பெட்டி, இரு தொலைகாட்டிகள், காபனிருசல்பைட்டு நிரப்பிய உள்ளீடற்ற அரியம். இதனூடு நோக்கியபோது ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய ஒளிக்கோடுகளை மாறாத இடங்களிற் காட்டியது.

இங்கு ஓர் இடர்ப்பாட்டைக் குறிப்பிடல் வேண்டும். சோடியத்தின் மஞ்சட் கோடு முன்னரே பலராற் காணப்பட்டிருந்தது. ஆயின் அது எந்தச் சுவாலையிலும் தோன்றியமையால் அதனை எப்பொருளுக்கு உரித்தாக்குவது என அறியாது ஆய்வாளர் மயங்கினர். நீரே காரணம் எனவும், கந்தகமே காரணம் எனவும் கூறப்பட்டது. 1856 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சுவான், எங்கும் கலந்துள்ள மிகச் சிறிய அளவு உப்பே அதற்குக் காரணம் எனக் காட்டினார். பன்சனும் கிர்க்கோவும் இதனை அளந்தே பார்த்தனர். ஏறத்தாழ 60 கன மீற்றர் கொண்ட அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியங் குளோரேற்றை வெடித்தெரியச் செய்தபோது, தொலைவிலிருந்த சுவாலையிற் சில நிமிடங்களில் மஞ்சட் கோடு தோன்றியது. ஒரு மில்லிகிராமின் முப்பது இலட்சத்திலொரு பங்கு சோடியத்தைக் கூட இம்முறை காட்டும் என அவர்கள் கணித்தனர். கருவி முன்னர் பொய்யுரைக்கவில்லை. உண்மையை அளவுக்கு மிஞ்சி உரைத்தது. இன்றைய ஆய்கூடங்களில் மாசுபடாத நீருக்கும் பாத்திரத்துக்கும் படுகின்ற பாடு இங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ஒரு சுவாலை வெளிவிடும் ஒளியை அதே ஆவி உறிஞ்சவும் வல்லது என்பதை கிர்க்கோவ் நிறுவினார். சூரிய நிறமாலையின் கரிய 'டி' கோடுகள் அங்குள்ள சோடிய ஆவியால் உண்டாவன என்பது இதனாற் பெறப்பட்டது. விண்மீன்களின் இரசாயன அமைப்பை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் என்று 1835 இல் எழுதிய மெய்யியலாளர் ஒகுஸ்த் கொம்ற், 1857 இல் இறந்தார். இன்னும் இரண்டாண்டு வாழ்ந்திருப்பின் தம் கூற்று வீழ்ந்ததைக் கண்டிருப்பார். நீரிலும் மண்ணிலும் உள்ள உலோகங்களை அளக்கப் பயன்படும் அணு உறிஞ்சல் முறையை 1955 இல் அவுஸ்திரேலியாவில் அலன் வோல்ஷ் அறிவித்தபோது, அதற்கு அடிப்படையாயிருந்ததும் இவ்வுண்மையே. இடையில் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அது பகுப்பாய்வாளரின் கைக்கு எட்டாது கிடந்தமை வியப்புக்குரியது.

1860 இல் டுர்க்கைம் ஊற்று நீரில் எந்த மூலகத்துக்கும் உரியதாக அறியப்படாத நீலக் கோடுகளைப் பன்சன் கண்டார். புதிய மூலகம் ஒன்று உண்டென அவர் நம்பினார். ஆயினும் கோட்டுடன் அவர் அமையவில்லை. நாற்பதாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை வற்றவைத்துச் சில கிராம் உப்பைப் பிரித்தெடுத்து அதன் அணு நிறையையும் துணிந்தார். அதுவே சீசியம். அடுத்த ஆண்டில் உருபீடியமும் இவ்வாறே வெளிப்பட்டது. நிறமாலைகாட்டி முதற் சாட்சி. தராசு இரண்டாஞ் சாட்சி. இந்த ஒழுங்கை நினைவிற் கொள்வோமாயின் பின்னர் நிகழ்ந்தவற்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

1868 ஓகஸ்ட் 18 இல் முழுச் சூரிய கிரகணமொன்று இந்தியாவுக்குக் குறுக்கே சென்றது. பிரான்சிய வானியலாளர் ஜான்சென் குண்டூரிலிருந்து நிறமாலைகாட்டியால் அதனை நோக்கினார். சூரிய விளிம்பிற் கிளர்ந்தெழும் செஞ்சுவாலைகள் ஒளிக்கோடுகளைக் காட்டின. ஆகவே அவை வாயுக்களே என்பது தெளிவாயிற்று. குண்டூரில் அன்று ஈலியம் கண்டுபிடிக்கப்பட்டது எனச் சில நூல்கள் எழுதுவதுண்டு. இது பொருந்தாது. கிரகணமின்றியும் அச்சுவாலைகளை நோக்கலாம் எனக் கண்டதே ஜான்செனின் சாதனை. புதிய மூலகம் எதனையும் அவர் கோரவில்லை. மசூலிப்பட்டினத்தில் நின்ற சென்னை வானாய்வு நிலையத்துப் பொக்சனே அம்மஞ்சட் கோடு சோடியக் கோட்டுடன் பொருந்துகின்றதா என ஐயுற்றவர். அதே ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தில் லொக்கியர் கிரகணமின்றியே சுவாலைகளை நோக்கி அக்கோட்டின் இடத்தை அளந்தார். சோடியத்தின் இரு கோடுகளும் 589.0, 589.6 நனோமீற்றர் அலைநீளத்தில் அமைவன. புதிய கோடோ 587.6 இல் நின்றது. வேறுபாடு சிறிது, ஆயின் ஐயத்துக்கு இடமில்லாதது.

அது ஐதரசனின் கோடாக இருக்கலாமோ என லொக்கியரும் இரசாயனவியலாளர் பிராங்லண்டும் பலவகையாக முயன்று பார்த்தனர். ஐதரசன் எந்நிலையிலும் அதனைத் தரவில்லை. பின்னரே சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஈலியம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1871 இற் பிரித்தானியச் சங்கத் தலைமையுரையில் இப்பெயர் இடம்பெற்றது. எனினும் இரசாயனவியலாளர் பலர் அதனை மூலகமாக ஏற்கவில்லை. கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கவியலாத பொருளுக்கு அணு நிறை எங்ஙனம் கூறுவது? 1882 இல் இத்தாலியரான பல்மியேரி, வெசூவியசு எரிமலைப் பொருளில் அக்கோட்டைக் கண்டதாக அறிவித்தார். மீண்டும் செய்து பார்த்தோரால் அதனை உறுதிப்படுத்த முடியவில்லை. இவ்வாறு 27 ஆண்டுகள் கழிந்தன. இதனை இரசாயனவியலாளரின் பிடிவாதம் என்று பழிப்போர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் ஹில்லெபிராண்ட் என்னும் திறமை மிக்க பகுப்பாய்வாளர் இருந்தார். யுரேனினைற்று என்னும் கனியத்தை அமிலத்தில் இட்டபோது வாயுவொன்று வெளிவருவதைக் கண்டு, அதன் நிறமாலையில் நைதரசனின் கோடுகள் இருந்தமையால் அது நைதரசன் என அவர் அறிவித்தார். அவ்வாயுவில் நைதரசன் கலந்திருந்தமையால் அவர் கூறியது முற்றிலும் பிழையன்று. பொருந்தாத வேறு கோடுகளும் அவர் கண்ணுக்குத் தென்பட்டன; அமுக்க வேறுபாட்டால் அவை தோன்றின போலும் என எண்ணி விட்டுவிட்டார். கருவி கூறியதைக் கேட்டவர் தாம் எதிர்பார்த்த விடையுடன் நின்றுகொண்டார்.

ஆகனைக் கண்டுபிடித்தோருள் ஒருவரான இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரிப் பேராசிரியர் றாம்சே, 1895 இல் ஹில்லெபிராண்டின் இக்கட்டுரையைப் பற்றி மையர்ஸ் என்பார் வாயிலாக அறிந்தார். அவ்வாயு ஆகனாக இருக்கலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிளீவைற்று என்னும் யுரேனியக் கனியத்தை வாங்கி அமிலத்தில் இட்டு வாயுவைத் தூய்மையாக்கி நோக்கினார். ஆகனின் கோடுகளுக்கு அப்பால் ஒளிமிக்க மஞ்சட் கோடொன்று தென்பட்டது. சோடிய மாசோ என்ற ஐயம் அளவீட்டால் நீங்கியது. தம் கருவியை மட்டும் நம்பாது மாதிரியை குறூக்சுக்கும் லொக்கியருக்கும் அனுப்பினார். அது சூரியனின் கோடே என்பதை குறூக்ஸ் மார்ச் மாதத்தில் உறுதிப்படுத்தினார். சுவீடனில் கிளேவும் லாங்லெற்றும் தனித்து அதே முடிவுக்கு வந்தனர்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. ஜேர்மனியில் றுங்கெ நுணுக்கமாக ஆராய்ந்தபோது கிளீவைற்று வாயுவின் மஞ்சட் கோடு உண்மையில் மிக நெருங்கிய இரு கோடுகள் எனக் கண்டார். சூரியக் கோடோ அதுவரை ஒற்றையென்றே கருதப்பட்டது. அங்ஙனமாயின் இரண்டும் ஒன்றல்லவே! வானியலாளர் தம் கருவிகளை மீண்டும் சூரியன்பால் திருப்பினர். கூர்ந்து நோக்கியபோது சூரியக் கோடும் இரண்டாகவே பிரிந்தது. இந்த ஒரு நிகழ்ச்சி ஈலியத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த பகுதி என்பது எமது கருத்து. எதிர்ப்பாக எழுந்த சான்று ஒடுக்கப்படவில்லை. அதுவே முடிவை வலுப்படுத்தியது.

இனி, 27 ஆண்டுத் தயக்கம் ஏன் நியாயமானது என்பதைக் காண்போம். நெபுலாக்களின் ஒளியில் 1864 இல் ஹக்கின்ஸ் பச்சைக் கோடுகளைக் கண்டார். அவற்றுக்கு உரியதாகக் கருதப்பட்ட மூலகம் 'நெபுலியம்' எனப்பட்டது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது சூரியனின் ஒளிவளையத்தில் 530.3 நனோமீற்றரில் ஒரு பச்சைக் கோடு அமெரிக்கராற் காணப்பட்டது. அதற்கு உரியதெனக் கருதப்பட்டது 'கொரோனியம்' எனப்பட்டது. ஆவர்த்தன அட்டவணையின் தந்தையான மெண்டலீவ் கூடத் தம் இறுதிக் காலத்திற் கொரோனியத்துக்கு இடம் வகுத்தார். இவையிரண்டும் இல்பொருள்கள். நெபுலியம் என்பது இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனே என 1927 இல் போவென் காட்டினார். கொரோனியம் என்பது பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பு என்பது குரோற்றியன், எட்லேன் ஆகியோரின் ஆய்வுகளால் 1939 இற்கும் 1943 இற்கும் இடையில் தெளிவாயிற்று. அதே கருவி, அதே வகைக் கோடு, அதே தருக்கம்: ஒன்றில் மெய், இரண்டிற் பொய். 1870 இல் வாழ்ந்த ஒருவர் ஈலியத்தை ஏற்றுக் கொரோனியத்தை மறுப்பதற்கு எந்தச் சான்றும் கருவியில் இருக்கவில்லை. அவை மூன்றையும் வேறுபடுத்தியது கனியத்திலிருந்து வெளிவந்து குழாயில் அடைபட்ட வாயுவே.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. எமக்குக் கலை வரலாற்றறிஞராக அறிமுகமான ஆனந்த குமாரசுவாமி, றாம்சே கற்பித்த அதே இலண்டன் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றியவர். 'இல்லம்' எனப்படும் இரத்தினக்கற் சரளைப் படையிற் காணப்படும் கரிய, பாரமான, சதுரமுகிப் பளிங்கொன்றை அவர் 1904 இல் யுரேனினைற்று என விபரித்தார். தோற்றத்தைக் கொண்டு நோக்கின் அது இயல்பான முடிவே. இலண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றில் டன்ஸ்ரன் செய்த பகுப்பு வேறொன்றைக் காட்டியது: பத்தில் ஏழு பங்குக்கு மேல் தோரியமொட்சைட்டு. கனியம் புதிது, 'தோரியனைற்று' என அவர் அதற்குப் பெயரிட்டார்.

அக்கல்லினுள் ஈலியம் நிறைந்திருந்தது. அது ஏன் அங்கிருக்க வேண்டும் என்பதற்கும் மஞ்சட் கோடே விடை கூறியது. இரேடியத்திலிருந்து ஈலியம் உண்டாவதை றாம்சேயும் சொடியும் 1903 இல் நிறமாலையாற் கண்டனர். அல்பாத் துணிக்கைகள் மென்கண்ணாடியை ஊடுருவிச் சேர்ந்த இடத்தில் அக்கோடு தோன்றியதை இறதபோட்டும் றோயிட்சும் 1909 இல் வெளியிட்டனர். கதிர்த்தொழிற்பாடுள்ள கல் தன் வயதுக்கேற்ப ஈலியத்தைச் சேர்த்து வைக்கின்றது என்பது இவற்றாற் பெறப்பட்டது. றாம்சேயின் ஆய்கூடத்தில் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்த ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞர் 1905 இல் 'ரேடியோதோரியம்' என்பதைக் கண்டறிந்தார். 1938 இல் யுரேனிய அணுக்கருப் பிளவுக்கு வழிகாட்டிய அதே ஹான் இவரே.

றாம்சேயுடன் சேர்ந்து ஆகனைக் கண்ட இறேலிப் பிரபுவின் மகனான ஸ்ரறற், இக்கல்லை வேறொரு நோக்குடன் எடுத்தார். தோரியனைற்றில் ஈலியம் எவ்வளவு மெதுவாக உண்டாகின்றது என்பதை அளந்து, அதனுள் முன்னரே சேர்ந்திருந்த ஈலியத்துடன் ஒப்பிட்டு, கல்லின் வயதைக் கணித்து 1910 இல் வெளியிட்டார். விடை பல கோடி ஆண்டுகளாக வந்தது. புவியின் வயதைச் சில கோடி ஆண்டுகளுக்குள் அடக்க முயன்ற பழைய கணிப்புகளுக்கு அது பேரிடியாயிற்று. எனினும் வாயுவின் ஒரு பகுதி கல்லிலிருந்து கசிந்து போயிருக்கும் என்பதை உணர்ந்த ஸ்ரறற், தாம் பெற்ற எண்ணைக் கல்லின் வயது எனக் கூறவில்லை. இதனினும் குறையாது என்றே கூறினார். கட்டுரையின் தலைப்பிலேயே அதனைக் குறைந்தபட்ச மதிப்பீடு எனக் குறித்தார்.