வேதியியல் கல்வியில் கிறித்தவப் பார்வை: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து

வேதியியலின் தொடக்கப் பாடங்களைக் கடவுளின் படைப்புத் திறனுக்குச் சான்றாகக் கற்பிக்கும் முறை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. காற்று, நீர், எரிதல், உறைதல் போன்ற எளிய பாடங்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இதில் படைத்தவரின் நோக்கம் என்ன?’ என்ற கேள்வி எழுப்பப்பட்டது. இயற்கையைக் கொண்டு இறைவனை அறிய முயலும் இச்சிந்தனை இயற்கை இறையியல் எனப்படுகிறது. இம்முறை பல மாணவர்களை அறிவியலின் பக்கம் ஈர்த்தது. சில இடங்களில் மேற்கொண்டு கேள்வி கேட்க விடாமல் தடுக்கவும் செய்தது. இவ்விரு விளைவுகளையும் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

பின்னணி

நவீன வேதியியலின் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் பாயில் ஆழ்ந்த கிறித்தவப் பற்று உடையவர். ‘ஐயுறும் வேதியியலாளர்’ என்று பொருள்படும் அவரது நூல் 1661இல் வெளிவந்தது. 1691இல் அவர் மறைந்தபோது, கிறித்தவ சமயத்தை ஆதரித்துச் சொற்பொழிவு நிகழ்த்த ஆண்டுக்கு 50 பவுண்டு கிடைக்குமாறு உயில் எழுதி வைத்திருந்தார். இயற்கையை ஆராய்வது இறைவழிபாட்டின் ஒரு வகை என்பது அவர் கருத்து.

1802இல் வில்லியம் பேலி என்ற மதகுரு ‘இயற்கை இறையியல்’ என்னும் நூலை வெளியிட்டார். ஒரு கடிகாரத்தைக் காண்பவர் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று உணர்வதுபோல, உயிரினங்களின் அமைப்பைக் காண்பவரும் படைத்தவரை உணர வேண்டும் என்பது அந்நூலின் வாதம். பேலி தம் சான்றுகளை முதன்மையாகக் கண், எலும்பு, தசை போன்ற உடலுறுப்புகளிலிருந்து எடுத்தார். அதே வாதத்தை வாயுக்கள், உப்புகள், வெப்பம் ஆகியவற்றுக்கும் நீட்டியவர்கள் வேதியியல் ஆசிரியர்கள்.

வினாவிடை வடிவில் வேதியியல்

1806ஆம் ஆண்டு இலண்டனில் தொடக்கநிலை மாணவர்களுக்கான இரண்டு வேதியியல் நூல்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று சாமுவேல் பார்க்ஸ் எழுதிய ‘வேதியியல் வினாவிடை’. பார்க்ஸ் வேதிப்பொருள் உற்பத்தியாளர். யூனிட்டேரியன் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தம் மகளின் கல்விக்காக அவர் இதை எழுதத் தொடங்கினார். தேவாலயங்களில் சிறுவர்களுக்குச் சமயக் கொள்கைகளைச் சொல்லித்தரும் ஞானோபதேச வினாவிடையின் வடிவத்தையே நூலுக்கும் எடுத்துக்கொண்டார். மேலே சிறு கேள்வியும் சிறு விடையும், கீழே நீண்ட அடிக்குறிப்புகளும் இருக்கும். பொருள்களின் பண்புகளை விளக்கும்போதே அவற்றில் தெரியும் படைப்பின் ஒழுங்கையும் பார்க்ஸ் எடுத்துக்காட்டினார். நூல் பல பதிப்புகள் கண்டது. பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது.

மற்றொன்று ஜேன் மார்செட் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’. ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரு மாணவியரும் பேசிக்கொள்வதாக அமைந்தது இந்நூல். புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்த ஏழை இளைஞர் ஒருவர் அங்கே இதைப் படித்து வேதியியலில் ஈடுபாடு கொண்டார். அவர்தான் மைக்கேல் பாரடே. புகழ் பெற்ற பின்பும் அவர் மார்செட் அம்மையாரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பிரீஸ்ட்லியின் புதினாச் செடி

நம்பிக்கை ஆராய்ச்சிக்குத் துணையாக நின்றதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் தேவாலயப் போதகர். மெழுகுவத்தி எரிவதும் விலங்குகள் மூச்சு விடுவதும் காற்றைக் கெடுக்கின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படியானால் உலகிலுள்ள காற்று முழுவதும் ஏன் இன்னும் கெட்டுப்போகவில்லை? இயற்கையில் இதற்கு ஏதேனும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்று அடங்கிய கலத்தினுள் ஒரு புதினாத் தளிரை வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அதே காற்றில் மற்றொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. விலங்குகளால் கெடும் காற்றைச் செடிகள் திருத்துகின்றன என்று இதிலிருந்து தெரிந்தது. 1773இல் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கத்தை பிரீஸ்ட்லிக்கு வழங்கிய ஜான் பிரிங்கிள், உலகில் எந்தச் செடியும் வீணாக வளரவில்லை என்ற கருத்தைத் தம் உரையில் வலியுறுத்தினார்.

இங்கே ‘ஏதோ ஏற்பாடு இருக்க வேண்டும்’ என்ற நம்பிக்கை ஒரு சோதனைக்கு வழிகாட்டியது. சோதனை செய்து பார்த்த பின்பே விடை கிடைத்தது. இன்றைய ஒளிச்சேர்க்கைப் பாடமும் கார்பன் சுழற்சிப் பாடமும் இந்தக் கண்டுபிடிப்பைத் தொட்டே தொடங்குகின்றன.

ஏரியின் மேல் மிதக்கும் பனிக்கட்டி

இயற்கை இறையியல் ஆசிரியர்கள் மிகவும் விரும்பிய எடுத்துக்காட்டு நீர். பெரும்பாலான நீர்மங்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி கூடும். நீரும் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வரை அவ்வாறே சுருங்குகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் விரிவடையத் தொடங்குகிறது. 0 டிகிரியில் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம் மட்டுமே என்பதால் அது நீரில் மிதக்கிறது.

குளிர்நாட்டு ஏரிகளில் இதன் விளைவைக் காணலாம். மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்கும். ஏரி முழுவதும் 4 டிகிரியை அடைந்த பிறகு, மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அங்கேதான் பனி உறையும். அந்தப் பனிப்போர்வைக்கு அடியில் நீர் உறையாமல் இருக்கும், மீன்கள் பிழைக்கும்.

அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற ரம்ஃபோர்ட் பிரபு 1797இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் பெரிதும் வியந்து எழுதினார். குளிர்நாடுகளில் உயிர்கள் வாழ்வதற்காகவே படைத்தவர் நீருக்கு மட்டும் இப்படி ஒரு விதிவிலக்கு அளித்திருக்கிறார் என்பது அவர் முடிவு. 1799இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்படுவதற்கு முதற்காரணமாக இருந்தவரும் இவரே. எடின்பரோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் சார்லஸ் ஹோப் 1805இல் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டார். உயரமான நீர்க்கலத்தின் நடுப்பகுதியைச் சுற்றி உறைகலவையை வைத்து, மேலும் கீழும் வெப்பமானிகளைப் பொருத்தி, அடியில் உள்ள நீர் 4 டிகிரி அளவில் நின்றுவிடுவதை அவர் காட்டினார். பள்ளிப் பாடநூல்களில் ‘ஹோப் சோதனை’ என்று வருவது இதுவே.

1829இல் மறைந்த பிரிட்ஜ்வாட்டர் பிரபு, படைப்பில் தெரியும் கடவுளின் ஞானத்தைப் பற்றி நூல்கள் எழுதுவதற்காக 8000 பவுண்டு விட்டுச் சென்றார். அவ்வாறு எழுதப்பட்ட எட்டு நூல்களில் வேதியியல், வானிலை, செரிமானம் ஆகியவற்றைப் பற்றியது 1834இல் வெளியானது. அதை எழுதியவர் மருத்துவர் வில்லியம் பிரௌட். மனித இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்தவர் இவர். நீரின் இந்த விந்தைப் பண்பு அவர் நூலிலும் ஒரு முக்கியச் சான்றாக இடம்பெற்றது. 1838இல் ஹன்னா ஆக்டன் என்ற அம்மையார் அளித்த நிதியைக் கொண்டு, ராயல் இன்ஸ்டிடியூஷன் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை 100 கினி பரிசளிக்கத் தொடங்கியது. 1844இல் அப்பரிசைப் பெற்ற ஜார்ஜ் ஃபௌன்ஸ், வேதியியல் காட்டும் கடவுளின் ஞானத்தையும் நன்மையையும் பற்றி எழுதியிருந்தார். மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்திய தொடக்க வேதியியல் கையேட்டின் ஆசிரியரும் அவரே.

மீன் இல்லாத பிஸ்மத்

1862இல் அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டின்டால் வெப்பத்தைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அது அடுத்த ஆண்டு நூலாக வந்தது. உறையும் நீர் இரும்புப் புட்டியையே பிளந்துவிடும் என்பதைக் காட்டிய பின், பிளந்துபோன மற்றொரு புட்டியையும் அவர் காட்டினார். அதனுள் ஊற்றப்பட்டிருந்தது நீர் அல்ல, உருகிய பிஸ்மத் உலோகம். பிஸ்மத்தும் திண்மமாகும்போது விரிவடைகிறது. பிஸ்மத்தில் காப்பாற்றுவதற்கு மீன்கள் ஏதும் இல்லையே என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இந்த ஒரு சோதனை கடவுள் இல்லை என்று நிறுவவில்லை. அது அதன் வேலையும் அல்ல. நீருக்கு மட்டுமே தரப்பட்ட தனிச்சலுகை என்ற கூற்று தவறு என்பதை மட்டும் அது காட்டியது. ‘மீன்களுக்காக’ என்ற விடை, பனிக்கட்டி எப்படி விரிவடைகிறது என்ற கேள்விக்கு விடையாகாது என்பதும் தெளிவாயிற்று.

அந்த ‘எப்படி’ என்ற கேள்விக்கு விடை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் பனிக்கட்டியில் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகிறது. இதனால் உள்ளே வெற்றிடம் மிகுந்த அறுகோண அமைப்பு உருவாகிறது. உருகும்போது அந்த அமைப்பு ஓரளவு குலைந்து, மூலக்கூறுகள் நெருங்கி வருகின்றன. ஆகவே நீர் பனிக்கட்டியைவிட அடர்த்தி மிக்கது. பிஸ்மத்தின் விரிவுக்குக் காரணம் அதன் சொந்தப் படிக அமைப்பு.

நீரின் சிறப்பு இத்துடன் முடிந்துவிடவும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஹென்டர்சன் 1913இல் வெளியிட்ட நூலில், நீரின் வெப்ப ஏற்புத்திறன், கரைக்கும் திறன் முதலிய பல பண்புகள் ஒன்றுசேர்ந்து உயிர் வாழ்வதற்கு ஏற்றவையாக இருப்பதை விரிவாக ஆராய்ந்தார். விளக்கம் கிடைத்த பின்னும் வியப்பு எஞ்சியது.

பாரடேயின் மெழுகுவத்தி

இயற்கை இறையியல் நூல்கள் செல்லாத வேறொரு வழியில் சென்றவர் பாரடே. ஸாண்டமேனியன் என்னும் சிறிய கிறித்தவ சபையில் அவர் மூப்பராகப் பணியாற்றினார். ஞாயிறுதோறும் வழிபாட்டில் தவறாமல் கலந்துகொண்டார். ஆயினும் தம் சமயத்தில் அறிவியல் தத்துவத்துக்கு இடமில்லை என்று 1844இல் எழுதிய ஒரு கடிதத்தில் தெரிவித்தார். இறைநம்பிக்கை ஆராய்ச்சியால் நிறுவப்படுவது அன்று, அருளப்படுவது என்பது அவர் நிலைப்பாடு.

1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காக அவர் ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றைத் தொகுத்து வில்லியம் குரூக்ஸ் 1861இல் ‘மெழுகுவத்தியின் வேதியியல் வரலாறு’ என வெளியிட்டார். ஒரு சாதாரண மெழுகுவத்தியை முன்னால் வைத்துக்கொண்டு பாரடே கேள்விகளைத் தொடுத்தார். உருகிய மெழுகு வழிந்துவிடாமல் கிண்ணம்போல் நிற்பது ஏன்? மேலெழும் காற்று விளிம்பைக் குளிர்விப்பதால். மெழுகு திரியில் ஏறுவது எவ்வாறு? நுண்புழை ஏற்றத்தால். சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயை நீட்டி, அங்கிருந்து வரும் ஆவியை மறுமுனையில் எரித்துக் காட்டினார். சுடரின் ஒளி, அதனுள் எரிந்து ஒளிரும் கரித்துகள்களிலிருந்து வருகிறது என்று விளக்கினார். எரிதலில் நீர் உண்டாவதையும், உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்குவதையும் காட்டினார். மனிதன் விடும் மூச்சும் சுண்ணாம்பு நீரை அவ்வாறே மாற்றுகிறது என்று காட்டி, உடலுக்குள் நிகழும் சுவாசத்தை எரிதலோடு ஒப்பிட்டார்.

‘கடவுள் மெழுகுவத்தியை இதற்காக இப்படி அமைத்தார்’ என்ற வகையில் அவர் தம் பாடத்தை நடத்தவில்லை. இறுதியில் மட்டும், மாணவர்கள் தங்களைச் சுற்றியிருப்போருக்கு மெழுகுவத்தியைப் போல ஒளி தர வேண்டும் என்று வாழ்த்தினார். வேதாகமம் அறிந்த பிள்ளைகளுக்கு அந்த உவமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். தெரியாத பிள்ளைக்கும் வேதியியல் பாடத்தில் எதுவும் குறையவில்லை.

தமிழில் வேதியியல்

கிறித்தவ ஊழியமும் வேதியியலும் சந்தித்த மற்றோர் இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ மாணவருக்கு வேதியியல் தேவை என்பதால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்கத் திருத்திக்கொண்ட முயற்சி அந்தப் பெயரிலேயே தெரிகிறது. தம் கல்லறையில் ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்ற பொருளில் பொறிக்க வேண்டும் என்று கிறீன் விரும்பினார். பாடத்தை மாணவனின் மொழியில் தருவதும் ஊழியமே என அவர் கருதியதாகக் கொள்ளலாம்.

மதிப்பீடு

கிறித்தவப் பார்வையில் வேதியியல் கற்பித்தவர்கள் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. பிரீஸ்ட்லிக்கு நம்பிக்கை ஒரு கேள்வியைத் தந்தது. அவர் சோதனைக் கலத்தை எடுத்தார். ரம்ஃபோர்டுக்கு அதே நம்பிக்கை ஒரு விடையைத் தந்தது. அந்த விடையை பிஸ்மத் உலோகம் அசைத்துவிட்டது. பாரடே தம் நம்பிக்கையை வாழ்விலும் சபையிலும் வைத்துக்கொண்டு, மேடையில் சோதனையைப் பேசவிட்டார்.

இவர்களிடமிருந்து வகுப்பறை கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. ‘எதற்காக?’ என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை எல்லா மாணவருக்கும் உண்டு. ஆனால் அதற்குச் சொல்லும் விடையை ‘எப்படி?’ என்ற கேள்விக்கு விடையாக எழுதிவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும். புதினாவும் பனிக்கட்டியும் மெழுகுவத்தியும் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. அவற்றை முதலில் வகுப்புக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் அவற்றில் இறைவனின் கைவண்ணத்தைத் தேடியவர்கள் என்பதையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.