கொச்சியின் பாட்டு நோட்டுகள்



குடிபெயர்கிறவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுச் செல்கிறார்கள். பாட்டை உடன் கொண்டுசெல்கிறார்கள். நம் அண்டை மலையாள நாட்டு யூதரின் வரலாறு இதற்குச் சான்று.

ஏறத்தாழ கி.பி. 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குப் பல உரிமைகளை வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். பின்னாளில் கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஜெப ஆலயங்கள் எழுந்தன.

ஆலயத்தில் ஜெபம் எபிரேயத்தில் ஒலித்தது. திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். வேதாகமக் கதைகள், ஜோசப் ரப்பானின் புகழ், தங்கள் ஊரில் ஆலயம் கட்டப்பட்ட செய்தி, எருசலேமைக் குறித்த ஏக்கம் ஆகிய யாவும் அப்பாடல்களில் இடம்பெற்றன. பெண்கள் அவற்றை நோட்டுகளில் கைப்பட எழுதிக் காத்தார்கள்.

1948இல் இஸ்ரேல் நாடு உருவாயிற்று. 1950களில் இவர்களில் பெரும்பாலோர் அங்கே சென்றார்கள். அவர்களை ஊரார் துரத்தவில்லை. தலைமுறைகளாகச் சுமந்த ஏக்கமே அழைத்துச் சென்றது. சிலர் நெகேவ் பாலைநிலத்து நெவாத்திமில் குடியேறினார்கள். மழையிலும் காயலோரத்திலும் வளர்ந்தவர்கள் வறண்ட மண்ணில் பயிர்செய்தார்கள்.

அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. மலபாரில் சீயோனை நினைக்கச் செய்த பாடல்களே, இஸ்ரேலில் மலபாரை நினைக்கச் செய்தன. பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர, பாட்டிமாரின் மலையாளம் மங்கலாயிற்று. ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் நோட்டுகளைத் திரட்டிப் பதிப்பித்ததால் அப்பாடல்கள் நூல்களாய் நிலைத்தன.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். முதற்கனியோடு வருகிற இஸ்ரவேலன், தன் மூதாதை நாடோடியாய் அலைந்தவர் என்று அறிக்கையிட வேண்டும். அந்த விளைச்சலின் மகிழ்ச்சியில் அந்நியனுக்கும் பங்குண்டு என்று அதே பகுதி கற்பிக்கிறது. நாம் வந்த வழியை மறந்தால், நம் வாசலில் நிற்கிறவரின் வழியும் நமக்குப் புரியாது.

நம் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சிப்காட் ஆலைகளில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் தாங்கள் காணாத ஊரின் பெயரைச் சொல்லி வளர்கிறார்கள். அவர்களை எண்ணிக்கையாகவும் அடையாள அட்டையாகவும் மட்டும் நாம் அறிந்திருப்பது திருச்சபைக்குத் தகுமா?

இவ்வாரம் அவர்களில் ஒருவரோடு அமர்ந்து, "உங்கள் ஊரில் என்ன பாடுவார்கள்?" என்று கேளுங்கள். பொறுமையாய்ச் செவிகொடுங்கள். அந்நியரை நேசிக்கிற தேவன் நமக்கும் அந்த இருதயத்தைத் தருவாராக. ஆமென்.