தினமும் நாலு ரயில்

இன்னிக்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமப்புறத்தில் ஓடும் ஒரு சின்ன ரயில் பாதையைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். லூயிஸுக்கும் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கும் நடுவே 1882-இல் திறந்த பாதை இது. பெரிய ஊர் எதுவும் வழியில் கிடையாது. கூட்டம் எங்கிருந்து வரும்? 1955-இல் பிரிட்டிஷ் ரயில்வே மூடிவிட்டது.

சாதாரணமா கதை இங்கேயே முடிஞ்சிரும். ஆனால் மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற உள்ளூர் அம்மா விடவில்லை. (எஃகு தயாரிப்பில் 'பெஸ்ஸமர் முறை'ன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சோமே, அந்த ஹென்றி பெஸ்ஸமரின் பேத்தி.) பாதை போட்ட காலத்துச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தார். தினமும் நாலு ரயில் ஓடியே ஆகணும்னு அதில் எழுதியிருந்தது!

1956 ஆகஸ்டில் ரயில்வே வேறு வழியில்லாமல் மறுபடி ஓட்டியது. ஓட்டின லட்சணத்தைக் கேளுங்க. பார்கோம்ப், கிங்ஸ்கோட் இந்த இரண்டு ஸ்டேஷன்களின் பெயரும் சட்டத்தில் இல்லை. அதனால் அங்கே ரயில் நிற்கவே இல்லை. 'மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட சர்வீஸ்' என்ற அர்த்தத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரே விழுந்தது. கடைசியில் நாடாளுமன்றத்தில் சட்டத்தையே மாற்றி, 1958 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

அடுத்த வருஷமே சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முழுப் பாதையையும் காப்பாற்றத்தான் ஆசை; கைக்கு வந்தது ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து ஹார்ஸ்டட் கீன்ஸ் பக்கம் வரை சுமார் ஐந்து மைல். 1960 ஆகஸ்ட் 7 அன்று புளூபெல் ரயில்வே ஓட ஆரம்பித்தது. டிக்கெட் கொடுப்பது, சிக்னல் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. பழையபடி ஆக்கணும்னா, எந்தக் காலத்துப் பழையபடி? ஒரே ஸ்டேஷனில் 1880-களின் விளக்கும் இருந்திருக்கும், 1950-களின் போஸ்டரும் இருந்திருக்கும். இவர்கள் ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஷெஃபீல்ட் பார்க் விக்டோரியா ராணி காலம், ஹார்ஸ்டட் கீன்ஸ் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, கிங்ஸ்கோட் 1950-கள். 'டவுன்டன் அபி' தொடரில் வரும் ஸ்டேஷன் இந்த ஹார்ஸ்டட் கீன்ஸ்தான். ஒரு கட்டடத்தின் நூறு வருஷத்தில் பத்து வருஷத்தை மட்டும் வைத்துக்கொள்வது சரியான்னு கேட்டால், எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை போக 2013 ஆனது. வழியில் மலையை வெட்டிய பள்ளம் முழுக்க ஊர்க் குப்பையைக் கொட்டி மூடியிருந்தார்கள்; அதைத் தோண்டி, ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

சட்டத்தில் பெயர் இல்லாத கிங்ஸ்கோட்டில் 1994-லிருந்து ரயில் நிற்கிறது. பார்கோம்ப் மட்டும் ஷெஃபீல்ட் பார்க்குக்குத் தெற்கே தனியா நின்றுவிட்டது. அந்தப் பக்கம் தண்டவாளத்தைப் பிடுங்கி ரொம்ப நாளாச்சு.