ஆர்னெய்ஸ்: பறவைகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வெள்ளைத் திராட்சை

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பினோ கிரிஜோ, இல்லையென்றால் நுரை பொங்கும் புரோசெக்கோ. பேரங்காடி அலமாரியில் அவற்றுக்குப் பக்கத்தில் சில வேளைகளில் 'ரொவேரோ ஆர்னெய்ஸ்' என்ற பெயரும் தென்படுவதுண்டு. வெள்ளைப் பூக்களின் மணமும் பேரிக்காயின் சுவையும் கொண்ட ஒயின் அது. அதைத் தரும் ஆர்னெய்ஸ் திராட்சை 1960களில் ஏறக்குறைய அழிந்துபோகும் நிலையில் இருந்தது.

இந்தத் திராட்சையின் தாயகம், இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியட்மாண்ட் மாநிலம். தூரின் நகருக்குத் தென்கிழக்கே, தனாரோ ஆற்றின் இடக்கரையில் ரொவேரோ குன்றுகள் அமைந்துள்ளன. எதிர்க்கரையில் இருப்பது லாங்கே வட்டாரம். உலகப் புகழ்பெற்ற பரோலோ, பார்பரெஸ்கோ சிவப்பு ஒயின்கள் அங்கேதான் தயாராகின்றன. நூட்டெல்லாவைத் தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் பிறந்த ஆல்பா நகரமும் இந்த ஆற்றோரத்தில்தான் உள்ளது.

ஆறு ஒன்றுதான் என்றாலும் இரு கரைகளின் மண் வேறு. ரொவேரோ ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த நிலம். இன்றும் அங்கு மண்ணைத் தோண்டினால் கடற்சிப்பிகளின் படிமங்கள் கிடைக்கின்றன. மணல் அதிகம் கலந்த இந்த மண்ணில் நீர் தங்காது. இதில் விளையும் திராட்சையில் அழுத்தத்தைவிட மணமே முந்தி நிற்கும். சிவப்பு ஒயினுக்கு அக்கரை பெயர் பெற்றதற்கும், வெள்ளை ஒயினுக்கு இக்கரை ஏற்றதாக அமைந்ததற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. பியட்மாண்ட் வட்டார மொழியில் 'ஆர்னெய்ஸ்' என்றால் அடங்காதவன், குறும்புக்காரன் என்று பொருள். செல்லமாகத் திட்டவும் அந்தச் சொல் பயன்படும். நம் வீடுகளில் 'வாலு' என்று சொல்வதைப் போல. கனாலே என்ற ஊரில் உள்ள ரெனேசியோ என்னும் குன்றுப் பகுதியின் பெயரே திரிந்து ஆர்னெய்ஸ் ஆனது என்ற கருத்தும் இருக்கிறது. எது சரியாக இருந்தாலும், வளர்ப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் இந்தக் கொடிக்கு முதல் விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. சாம்பல் நோய் எளிதில் தாக்கும்; விளைச்சல் குறைவு. அறுவடை சில நாள் தள்ளிப்போனாலும் பழத்தின் புளிப்பு இறங்கிவிடும். புளிப்பு இல்லாத வெள்ளை ஒயின் சப்பென்று இருக்கும்.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் கொடியை விவசாயிகள் ஏன் வைத்திருந்தார்கள்? அந்தக் குன்றுகளில் மதிப்பு மிக்க பயிர், நெபியோலோ என்ற கறுப்புத் திராட்சை. அது முதிர்வதற்கு அக்டோபர் மாதம் ஆகும். ஆர்னெய்ஸ் செப்டம்பரிலேயே பழுத்து, இனிப்பும் மணமுமாக நிற்கும். நெபியோலோ வரிசைகளுக்கு அருகில் சில ஆர்னெய்ஸ் கொடிகளை நட்டுவைத்தால், பறவைகளும் தேனீக்களும் அவற்றைத் தேடிப் போய்விடும். விலை போகும் பழம் தப்பித்துக்கொள்ளும். மிஞ்சியதை நெபியோலோவின் கரகரப்பைக் குறைக்கச் சிறிதளவு சிவப்பு ஒயினில் கலப்பார்கள், அல்லது வீட்டுக்கு இனிப்பு ஒயின் செய்வார்கள். அதனால் இதற்கு 'வெள்ளை நெபியோலோ' என்ற பட்டப்பெயரும் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. துணைக்கு நின்றதால் வந்த பெயர் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மோசமானது. தூரினின் கார் தொழிற்சாலைகளும் ஆல்பாவின் மிட்டாய்த் தொழிற்சாலையும் கிராமத்து இளைஞர்களை ஈர்த்தன. ஊரில் தங்கியவர்கள் காசு பார்க்கக்கூடிய பயிரையே நட்டார்கள். கனாலே ஊர் பீச் பழத்துக்குப் பெயர் எடுத்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலையில்லாத கொடிக்கு நிலத்தில் இடமில்லை.

திருப்பம் 1967இல் வந்தது. எதிர்க்கரையில் உள்ள காஸ்திலியோனே ஃபலெத்தோ ஊரைச் சேர்ந்த வியெட்டி ஒயின் நிறுவனத்தின் அல்ஃபிரெடோ குராடோ, ஆர்னெய்ஸை மட்டும் கொண்டு இனிப்பில்லாத வெள்ளை ஒயின் தயாரிக்க விரும்பினார். தோட்டத்துக்கு இரண்டு வரிசை, நான்கு கொடி என்று சிதறிக் கிடந்த பழத்தை எப்படித் திரட்டுவது? அவர் ரொவேரோவில் ஒரு தேவாலயப் பாதிரியாரை அணுகினார். நெபியோலோவுக்குக் கொடுக்கும் அதே விலையை ஆர்னெய்ஸுக்கும் தரத் தயார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிக்கச் சொன்னார். பழம் வந்து சேர்ந்தது என்று அவரது குடும்பத்தார் சொல்லிவருகின்றனர். பறவைக்கு விட்ட பழத்துக்கு முதன்மைப் பயிரின் விலை என்றால் யார்தான் கொண்டுவர மாட்டார்கள்! 1970களில் நெய்வே ஊரைச் சேர்ந்த, பார்பரெஸ்கோவுக்குப் பெயர் பெற்ற புரூனோ ஜகோசாவும் ஆர்னெய்ஸைக் கையில் எடுத்த பிறகு, மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது.

நல்ல விலை மட்டும் போதவில்லை. புதிய கருவிகளும் தேவைப்பட்டன. வெட்டிவைத்த ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாவதைப் போலவே ஆர்னெய்ஸ் சாறும் எளிதில் நிறம் மாறி மணத்தை இழக்கும். பழைய மரப் பீப்பாயில், குளிரூட்டும் வசதி இல்லாமல் இதன் பூமணத்தைக் காப்பாற்றுவது கடினம். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளும், நொதிக்கும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறையும் வந்த பிறகுதான் இந்தத் திராட்சையின் உண்மையான சுவை வெளியே தெரிந்தது. முன்னோர்கள் இதை இனிப்பாகவோ கலப்பாகவோ குடித்ததை அவர்களின் ரசனைக் குறைவு என்று சொல்ல முடியாது.

1989இல் ரொவேரோ ஆர்னெய்ஸுக்கு டிஓசி என்னும் அதிகாரபூர்வத் தகுதி கிடைத்தது. 2004இல் அது இத்தாலிய ஒயின் சட்டத்தின் உச்ச நிலையான டிஓசிஜி தகுதிக்கு உயர்ந்தது. குறைந்தது 95 விழுக்காடு ஆர்னெய்ஸ் இருந்தால்தான் இந்தப் பெயரைப் போட முடியும். புட்டியின் கழுத்தில் எண்ணிட்ட அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். 'லாங்கே ஆர்னெய்ஸ்' என்ற பெயரில் விற்பது அதே திராட்சைதான். ஆனால் இன்னும் பரந்த பகுதியில் விளைந்தது. இன்று ரொவேரோவில் சிவப்பு ஒயினைவிட வெள்ளை ஒயினே மிக அதிகம் தயாராகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கலிஃபோர்னியா ஆகிய இடங்களிலும் இந்தக் கொடி வேரூன்றிவிட்டது.

சுவையைப் பொறுத்தவரை, இளமஞ்சள் நிறத்தில் வெள்ளைப் பூ, பேரிக்காய், பீச் ஆகியவற்றின் மணத்தோடு தொடங்கி, பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பில் முடியும். இனிப்பு இருக்காது. புளிப்பும் மிதமாகவே இருக்கும். எலுமிச்சை போன்ற வெடுக்கென்ற சுவையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சற்று மென்மையாகத் தோன்றலாம். 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் பரிமாறுவது வழக்கம். நம் ஊர் வெப்பத்தில் கண்ணாடிக் குவளையில் ஊற்றியதுமே சூடேறத் தொடங்கிவிடும் என்பதால், ஒரே தடவையில் நிறைய ஊற்றாமல் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்திருப்பது நல்லது. ஒரேயடியாக உறைகுளிரில் வைத்தால் மணம் அடங்கிவிடும்.

பியட்மாண்ட்டில் இதற்குத் துணையாக வருவது, மெல்லியதாக அரிந்த கன்றிறைச்சியின் மேல் சூரை மீன் கலவை ஊற்றிய 'வித்தெல்லோ தொன்னாத்தோ' என்னும் குளிர்ந்த உணவு. ஆவியில் வேகவைத்த மீன், இறால், காரமில்லாத கோழி ஆகியவற்றுடனும் நன்றாகச் சேரும். மிளகாய் தூக்கலான குழம்புடன் சேராது. பெரும்பாலும் சுமார் 13 விழுக்காடு மதுசாரம் இருப்பதால் அது நாக்கின் எரிச்சலைக் கூட்டும். பூவையும் பழத்தையும் நம்பி ஏமாந்துவிடக் கூடாத அளவு அது. சாதாரண பியரைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புட்டியில் உள்ள ஆண்டு. சில தயாரிப்பாளர்கள் நாள்பட வைப்பதற்கென்றே தனியாகச் செய்தாலும், பெரும்பாலான ஆர்னெய்ஸ் அறுவடை முடிந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கானது. அலமாரியில் நான்கைந்து ஆண்டு தூங்கியது மலிவு விலையில் கிடைத்தாலும், அதில் பூமணம் மிஞ்சியிருப்பது அரிது.