நேத்ரா குமணன்

நேத்ரா குமணன் (பிறப்பு: ஆகஸ்ட் 21, 1997, சென்னை) பாய்மரப் படகு வீராங்கனை. ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்.

பின்னணி

சோழமண்டலக் கரையில் பாய் கட்டிய கட்டுமரம் பிழைப்புக்கான கலமாகவே இருந்தது. பந்தயப் படகோட்டம் வேரூன்றியது சென்னைத் துறைமுகத்தில். துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய மன்றமே இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். ஆங்கிலேயரின் பொழுதுபோக்காக இருந்த இவ்விளையாட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தவை தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கத்தின் கோடை முகாம்கள். 2009இல் அத்தகைய முகாம் ஒன்றில்தான் நேத்ரா முதன்முதலாகப் படகு ஏறினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய் விரித்த நால்வரும் தமிழ்நாட்டவர்.

படகு வகை

இவர் செலுத்துவது ஒருவர் மட்டுமே ஓட்டும் ஐஎல்சிஏ 6. முன்பு லேசர் ரேடியல் எனப்பட்டது. கனடாவின் புரூஸ் கிர்பி வரைந்த லேசர் படகின் உடலே இதற்கும். பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் மட்டும் வேறு. லேசர் உடலுக்கு மூன்று பாய்கள் உண்டு: சிறுவர்க்கு 4.7, இடைநிலைக்கு 5.76, பெரியதற்கு 7.06 சதுர மீட்டர். காற்று பலக்கும்போது ஓட்டுபவர் படகுக்கு வெளியே உடலைச் சாய்த்துத்தான் அதை நிமிர்த்த வேண்டும் என்பதால், உடல் எடைக்கேற்பப் பாய் அமைகிறது. இடைநிலைப் பாய் கொண்ட ஐஎல்சிஏ 6, 2008 முதல் ஒலிம்பிக் மகளிர் போட்டிக்குரியது. ஒவ்வொரு பந்தயத்திலும் பிடித்த இடமே புள்ளி. மொத்தம் குறைந்தவரே வெல்வார்.

போட்டிகள்

2014 இஞ்சியோன், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் பங்கேற்றார். எஸ்ஆர்எம் கல்வி நிறுவனத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவாறே, ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் ஹங்கேரியப் பயிற்சியாளர் தாமாஸ் எசஸிடம் பயிற்சி பெற்றார். 2020 ஜனவரியில் மியாமி உலகக் கோப்பையில் வெண்கலம். அத்தொடரில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் இவரே. 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நடந்த போட்டி டோக்கியோவுக்கு வழிதிறந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின் படகோட்டம் நடந்த எனோஷிமா கடலில் 44 பேரில் 35ஆம் இடம்.

2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேரில் நடந்த கடைசி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் மீண்டும் இடம்பிடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகோட்டம் நடந்த மார்சேயில் 21ஆவதாக வந்தார்.