பூப்போட்ட துணிக்கு ஒரு தடைச் சட்டம்

போன லீவில் அம்மாவின் தையல் மிஷினில் ஒரு பை தைத்தேன். இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வெளியே மஞ்சள் பூ, உள்ளே நீலக் கொடி. இரண்டு பைகளைத் தனித்தனியாகத் தைத்து, நல்ல பக்கங்கள் ஒட்டியிருக்கும்படி ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, வாயைச் சுற்றித் தைத்து, விட்டுவைத்த இடைவெளி வழியாக வெளியே இழுத்தால் முடிந்தது. (கைப்பிடியை நடுவில் வைக்க மறந்து ஒருமுறை மொத்தத்தையும் பிரித்தேன், சிரிக்காதீர்கள்.) இந்த மாதிரித் துணியை உடுத்தியதற்காகவே ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அபராதம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் ஊரில் அதைச் சீட்டி என்பார்கள், ஆங்கிலத்தில் சின்ட்ஸ். 17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் இதைக் கையாலேயே வரைந்தார்கள். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் பூ வரைந்து, சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். நீலம் வேண்டுமென்றால் மற்ற இடங்களுக்கு மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது. பருத்தியில் இப்படி நிற்கும் சாயம் ஏற்ற அப்போது ஐரோப்பாவில் ஆளில்லை.

1663-ல் சாமுவேல் பீப்ஸ் என்ற லண்டன் அதிகாரி மனைவியின் படிப்பறைச் சுவரை மூடச் சீட்டி வாங்கியதாக டைரியில் எழுதியிருக்கிறார். கொஞ்ச வருஷத்தில் அது சுவரிலிருந்து உடம்புக்கு வந்துவிட்டது. பட்டு, கம்பளி நெசவாளர்களுக்கு வேலை போனது. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் சட்டம் போட்டது. ஆனால் வெள்ளைத் துணியாக இறக்கி லண்டனிலேயே அச்சடித்து விற்றார்கள்!

1719-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பூத்துணி உடுத்திய பெண்களைப் பிடித்து ஆடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலமும் வீசினார்கள். பசித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் துணியை இறக்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை விட்டுவிட்டுத் தெருவில் போன பெண்ணைப் பிடிப்பது என்ன நியாயம்? 1721 சட்டமும் அதையே செய்தது. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். திரை, மெத்தை, நாற்காலி உறைக்கும் கூடாது. கம்பெனி மட்டும் வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்துகொண்டே இருந்தது.

1774-ல், சொந்த மிஷின் நூல் வந்த பிறகு, தடை தளர்ந்தது. அதுவும் பிரிட்டனில் நெய்த துணிக்கு மட்டும். அடையாளமாக இரு கரையிலும் மூன்று நீல இழை ஓட வேண்டும். அடுத்த நூற்றாண்டில் அந்த மிஷின் துணி கப்பலேறி சீட்டி போன கரைக்கே வந்து இறங்கியது. இங்கே சாயவேர் தோண்டியவர்களுக்கும் துணியில் வரைந்தவர்களுக்கும் எந்தச் சட்டமும் துணைக்கு வரவில்லை.

படித்து முடித்ததும் என் பைத்துணியின் கரையைத் தேடினேன். வெட்டிய துண்டுகளோடு குப்பையில் போட்டுவிட்டிருக்கிறேன்.