காற்றும் வெடிபொருள்தான்: சிலிண்டர் கழுத்தில் ஒரு எண்

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களிடம் வெடிபொருள் சட்டம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு லைசென்ஸ் அந்தச் சட்டத்தின்படிதான். வெள்ளைக்காரன் 1884-ல் போட்ட சட்டம் அது. அதே சட்டத்தின் கீழ் 1938-ல் ஓர் அறிவிப்பு வந்தது: உலோகப் பாத்திரத்தில் அழுத்தி அடைத்த வாயுவும் வெடிபொருளாகவே கருதப்படும் என்று. அதிலிருந்து 1940-ல் வாயு சிலிண்டர் விதிகள் பிறந்தன. பிறகு 1981, 2004, 2016 என்று புது விதிகள் வந்தாலும் அடிப்படை மாறவில்லை. பட்டாசைக் கவனிக்கும் துறைதான் சிலிண்டரையும் கவனிக்கிறது.

அந்தப் பட்டியலில் ஸ்கூபா சிலிண்டரும் உண்டு. பரளச்சி மாதிரி கரிசலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் ஊரில் இருப்பவருக்குக் கடலுக்கடியில் மூச்சு விடும் கதை தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால், உள்ளே இருக்கும் சக்தி ஏறக்குறைய 100 கிராம் டி.என்.டி.க்குச் சமம். வெறும் காற்றுதான், வாசனைகூடக் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் அது எவ்வளவு தாங்கும் என்று ஓர் எண்ணை அடித்து வைக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்கும் ஆசையின் வரலாறுதான் இது.

ஆசையை முதலில் எழுதி வைத்தவர் ஒரு கதாசிரியர்! பிரான்சில் ருக்கேரோல் என்ற சுரங்கப் பொறியாளரும் டெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் சேர்ந்து 1860-களில் முதுகில் காற்றுப் பெட்டி சுமக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். அன்றைய உலோகத்தால் அதிக அழுத்தம் தாங்க முடியாது. ஆகவே பெரும்பாலும் மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1870-ல் ஜூல் வெர்ன் கேப்டன் நெமோவின் கதையில் அதே கருவியை எடுத்துக்கொண்டு, அழுத்தத்தை மட்டும் 50 வளிமண்டலம் என்று ஏற்றி எழுதிவிட்டார். குழாய் அறுந்தது, நெமோவின் ஆட்கள் கடலடியில் சுதந்திரமாக நடந்தார்கள். காகிதத்தில் நடந்த முதல் 'ஓவர்ஃபில்' என்று இதைச் சொல்லலாம்.

நிஜத்தில் நல்ல எஃகு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1943-ல் கூஸ்தோவும் எமில் கன்யானும் தங்கள் 'அக்வாலங்' கருவியைச் செய்தபோது உயர் அழுத்த சிலிண்டர் ஏற்கனவே இருந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை வாயுவில் ஓட்டுவதற்காகச் செய்த வால்வைத்தான் கன்யான் மூச்சு விடும் வால்வாக மாற்றினார். போர் கொடுத்த பரிசு அது.

போர் இன்னொரு பரிசும் கொடுத்தது. அமெரிக்காவில் எஃகுப் பற்றாக்குறை. புது சிலிண்டர் செய்ய எஃகு இல்லை, இருக்கும் சிலிண்டரிலேயே 10 சதவீதம் கூடுதலாக அடைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு அனுமதித்தது. போர் முடிந்தது, சலுகை முடியவில்லை! பரிசோதனைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தால் இன்றும் 10 சதவீதம் கூடுதலாக அடைக்கலாம். ஒரு தலைமுறை டைவர்கள் சுமந்த 'ஸ்டீல் 72' சிலிண்டரின் கணக்கே இதில்தான் நிற்கிறது. அதன் அழுத்தம் 2250 பி.எஸ்.ஐ. கூட்டல் குறியோடு 2475. அந்த 2475-ல்தான் 72 கனஅடி காற்று. மறுபரிசோதனையில் கூட்டல் குறி கிடைக்காவிட்டால் 65 கனஅடிதான் மிஞ்சும். பிறகு வந்த அலுமினியச் சிலிண்டர் 3000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார். பெயர் 'எண்பது', உள்ளே பிடிப்பது 77 கனஅடி. வியாபாரம்!

இனி கடைக்கு வருவோம். டைவிங் கடையில் தினசரி நடக்கும் சண்டை இதுதான்: "200 போட்டேன்னு சொன்னீங்க, தண்ணியில இறங்கினா 180 காட்டுதே?" கடைக்காரர் ஏமாற்றவில்லை. காற்றை வேகமாக அழுத்தினால் சூடாகும். 55 டிகிரி சூட்டில் 200 காட்டும் சிலிண்டர் 27 டிகிரிக்கு ஆறியதும் 183-க்கு வந்துவிடும். மெதுவாக நிரப்பினால் இந்த நஷ்டம் குறையும், ஆனால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது மெதுவாக நிரப்ப யாருக்குப் பொறுமை? இந்திய விதிப்படி வேலை அழுத்தம் என்பது 15 டிகிரியில் கணக்கிடுவது. நம் பக்கம் 15 டிகிரியை எந்த மாதத்தில் பார்ப்பது? 15 டிகிரியில் 200 பார் உள்ள சிலிண்டர், 45 டிகிரி சூடானால் 221 காட்டும். ஆக, ஆறினால் குறைவதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது ஒன்று. முத்திரை எண்ணையே மதிக்காமல் போடுவது வேறு.

இரண்டாவது வகைக்குப் பெயர் போனது அமெரிக்காவின் வட ஃப்ளோரிடா. அங்கே தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் நீந்துகிறார்கள். குகையில் மேலே பாறை, நினைத்தபோது வெளியே வர முடியாது. குகை டைவிங்கின் ஆசான்களில் ஒருவரான ஷெக் எக்ஸ்லி 1979-ல் எழுதிய கையேடு வலியுறுத்தும் விதி: மூன்றில் ஒரு பங்கு காற்று உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. அந்த மூன்றாம் பங்கைப் பெரிதாக்க, 2640 பி.எஸ்.ஐ.க்கான எஃகுச் சிலிண்டரில் 3600 வரை அடைப்பது அந்த வட்டாரத்தில் வழக்கமானது. 104 கனஅடி, ஏறக்குறைய 140 ஆகிவிடும். அவர்கள் சொல்லும் நியாயம்: பரிசோதனையில் வேலை அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு தாங்கித்தானே சிலிண்டர் தேறுகிறது? ஆனால் பரிசோதனை சில வருஷத்துக்கு ஒருமுறை, தண்ணீரை நிரப்பிச் செய்வது. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது, பிளந்தாலும் சிதறாது. அதே அழுத்தத்தைக் காற்றில் வாரா வாரம் கொடுப்பது வேறு கதை. அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியே விட வேண்டிய மெல்லிய தகட்டை இரட்டையாகப் போட்டு வைத்தவர்களும் உண்டு. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பி கட்டுவது போல.

அலுமினியத்தில் இந்த விளையாட்டை அவர்களே விளையாடுவதில்லை. 6351 என்ற கலவையில் செய்த பழைய சிலிண்டர்களின் கழுத்தில், யாரும் விதியை மீறாமலே, வருஷக்கணக்கில் அழுத்தத்தில் இருந்ததால் மெல்ல விரிசல் விட்டது. லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988-ல் அந்தக் கலவையைக் கைவிட்டது. அதற்கு முன் செய்தவை சில, நிரப்பும்போதே வெடித்தன. அப்போது பக்கத்தில் நிற்பவர் டைவர் அல்ல, நிரப்புகிற கடை ஊழியர். கூடுதல் காற்று ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு.

நம் மன்னார் வளைகுடாவுக்குச் சிலிண்டர் வந்ததும் ஒரு வரலாறு. பரளச்சியிலிருந்து தெற்கே சாயல்குடி தாண்டினால் வரும் கடல்தான். முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம் தம் கட்டினார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் போன்றவர்கள் முத்துப் பார்களை நீருக்கடியில் நேரில் போய் ஆராய்ந்தார்கள்.

ஆராய்ச்சிக்கு வந்த சிலிண்டர் எதிர்க்கரையில், இலங்கையில், பிழைப்புக்கும் வந்தது. கடலட்டையும் சங்கும் எடுக்கும் டைவர்கள் அதைச் சுமக்கிறார்கள். இங்கேதான் அந்த எண்ணுக்கு யாரும் எதிர்பாராத இன்னொரு வேலை இருந்தது தெரிகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, அதனால் காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். 2000 லிட்டர் காற்று, உழைக்கிற ஆளுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். அந்த ஆழத்தில் நிற்காமல் நேராக மேலே வர அட்டவணைகள் அனுமதிப்பது சுமார் 45 நிமிஷம். அதாவது எல்லையைத் தொடுமுன் சிலிண்டர் தானாகத் தீர்ந்து ஆளைக் காப்பாற்றிவிடும். கூடுதல் அழுத்தம் அடைத்தாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று சிலிண்டர் மாற்றி இறங்கினாலோ அந்தக் காவல் போய்விடுகிறது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி முதுகுத்தண்டைத் தாக்குகிறது. அந்தக் கரையில் இப்படிக் கால் செயலிழந்த டைவர்கள் இருக்கிறார்கள். படிப்படியாக மேலே வர வேண்டும் என்று ஹால்டேன் அட்டவணை போட்டுக் கொடுத்தது 1908-லேயே.

இந்தியாவில் 2001-லிருந்து கடலட்டை எடுக்கத் தடை. இந்தக் கரையின் சங்குகுளி மீனவர்களில் பலர் இன்னும் சிலிண்டர் இல்லாமல்தான் இறங்குகிறார்கள்: முகத்தில் ஒரு கண்ணாடி, காலில் துடுப்பு போலக் கட்டிய அலுமினியத் தகடு, நெஞ்சில் பிடித்த ஒரு தம்.